கதவில் நசுங்கிய விரல்

வசந்தம் முடியப்போகும் அந்த வாரங்களில், ஃபோர்மன் வீட்டம்மாவுக்கு நாளிலேயே மிகவும் பிடித்த நேரம் காலை வேலைகள் ஓய்ந்த பிறகு வந்தது. கணவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, மாத்திரை கொடுத்து, கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலில் ஒரு துண்டையும் போட்டுவிட்டால் அவள் வேலை முடிந்தது. பிறகு பால்கனிக் கதவைத் திறப்பாள். ஈரமண் வாசனை குப்பென்று முகத்தில் அடிக்கும்.

அதைப் பால்கனி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மூன்றாவது மாடியில் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு பலகை அளவு இடம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அதில்தான் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாக்களையும், விளிம்பு உடைந்த ஒரு வாளியையும், ஒரே ஒரு நிஜமான மண்தொட்டியையும் நெருக்கி வைத்திருந்தாள். மண்தொட்டியில் ரோஜா. வாளியில் சிவப்பு ஜெரேனியம். டப்பாக்களிலிருந்து பெட்டூனியா கம்பி வழியே வெளியே வழிந்து தொங்கியது. வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடும்போது விரலெல்லாம் பசை ஒட்டும். ஜெரேனியம் இலையைச் சும்மா தொட்டாலே போதும், மத்தியானம் வரை கையில் அந்த நெடி இருக்கும். ரோஜாவின் இளந்தண்டில் பச்சைப் பேன் ஏறியிருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். இருந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோலத் துடைத்துவிடுவாள்.

அதெல்லாம் ஆனபின் குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணி மாட்டிய தையல் பிரேமை மடியில் எடுப்பாள். வெள்ளைத் தலையணை உறை ஒன்றில், எதிரே தொங்கிய பெட்டூனியாவையே தைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிறம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஊதாவும் இல்லை, கத்தரிப்பூ நிறமும் இல்லை. கடைசியில் அடர்ந்த ஊதாவில் இரண்டு இழையும் ரோஜா நிறத்தில் ஒரு இழையும் சேர்த்து ஊசியில் கோர்த்தபோது, துணியில் இருப்பதும் செடியில் இருப்பதும் ஒன்றாகிவிட்டன. அன்றைக்குத் தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளேயிருந்து கணவர், "என்ன, என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சொல்லாமல் இருக்கலாம் என்பதே அவளுக்குப் புது சுகமாக இருந்தது.

குடியிருப்பில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. கணவர் பெரிய அச்சகம் ஒன்றில் புத்தகம் கட்டும் பிரிவின் ஃபோர்மன். அதனால் அவள் ஃபோர்மன் வீட்டம்மா. அவர் போன இலையுதிர் காலத்தில், வேலை நேரத்தில், காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. குளிர்காலம் முழுவதும் அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும் துடைப்பதுமாகவே அவளுக்குக் கழிந்தது. பனி விலகும்போது பேச்சு திரும்பியது. கோலை ஊன்றிக் குளியலறை வரை நடந்தார். ஆனால் ஞாபகம் பல இடங்களில் ஓட்டை. அச்சகத்தின் பழைய முதலாளி என்ன நிறத்தில் கார் வைத்திருந்தார் என்பது சரியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிந்தைய வருஷங்கள் பெரும்பாலும் இல்லை. புதிதாகச் சொல்வதும் இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் நழுவிவிடும். சில விஷயங்கள் இனி தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் மாறியிருந்தது. அவர் சாதுவாகிவிட்டார். முன்பெல்லாம் அவளைக் கூப்பிட வேண்டுமானால் "ஏய்". இப்போது "இங்க பாரும்மா" என்றார். கைப்பிடிச் சுவரில் ஒரு புறா வந்து உட்கார்ந்தால் கண் கலங்கினார். தேநீர் கொடுத்தால், "உனக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்று அவள் மணிக்கட்டைத் தடவினார். பார்க்க வந்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். "மனுஷன் குழந்தையா ஆயிட்டார்" என்றார்கள். அவளுக்கு முதலில் அந்த மென்மையைக் கண்டு பயம்தான் வந்தது. பிறகு பழகிவிட்டது, வீட்டில் புதிதாகக் குடிவந்த யாரோ ஒரு மரியாதையான கிழவரிடம் பழகுவதுபோல. பழைய ஆள் இருந்தவரை அந்த வீட்டில் ஒரு செடி கிடையாது. தண்ணீர் சொட்டி கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான் என்று, கல்யாணமான புதிதில் அவள் வைத்த தொட்டிகளை அவர் குப்பையில் கொண்டுபோய்ப் போட்டார். ஊசியையும் நூலையும் அவளே பிற்பாடு கட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். இந்த வசந்தத்தில்தான் இறக்கினாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண்தான் யோசனை சொன்னாள். "ஆன்ட்டி, உங்க நூல்கண்டையெல்லாம் ஒரு டப்பாவுல கலந்து கொடுங்க. அங்கிள் அந்தக் கையாலேயே நிறம் நிறமா பிரிக்கட்டும். விரலுக்கு நல்லது." அதிலிருந்து அவர் நாற்காலி பால்கனிக் கதவருகே வந்துவிட்டது. மடியில் டப்பா. நடுங்கும் கையால் பச்சையைப் பச்சையோடும் மஞ்சளை மஞ்சளோடும் சேர்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு காலையில், அவள் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"உன் விரல் ஏன் அப்படி இருக்கு?"

"எந்த விரல்?"

"நடுவிரல். கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கே. ஊசிய நீ மோதிர விரலால தள்ளுற. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். என்னாச்சு அதுக்கு?"

கேலி செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தாள். இல்லை. முகத்தில் நிஜமான கவலை. இத்தனை வருஷத்தில் அந்த விரலைப் பற்றி அப்படி ஒரு குரலில் யாருமே கேட்டதில்லை.

"நீங்கதான் ஒடிச்சீங்க" என்றாள்.

அவர் சிரித்தார். "விளையாடாதம்மா."

"விளையாடல."

சொன்னாள். மகள் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு சாயங்காலம் இவள் பின்னறையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துச் சத்தம் எதுவும் காதில் விழாமல், ஒரு திரைச்சீலைக்குப் பூ தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அழைப்புமணி பழுது. கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள்தான் கேட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தாள். அவர் சத்தம் போடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே வந்து, "இவ்வளவு நேரமா எந்த விரல் வேலையா இருந்துச்சு?" என்று கேட்டார். அவள் எழுந்திருப்பதற்குள் கையைப் பிடித்து, ஊசி குத்தாமலிருக்க விரல்தொப்பி மாட்டியிருந்த நடுவிரலைப் பின்பக்கமாக வளைத்தார். மகள் வாசற்படியில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "கதவு நசுக்கிடுச்சு" என்று சொன்னதும் அவர்தான்.

கேட்டு முடித்ததும் அவர் உதடு கோணியது. "நானா? நான் அப்படிப் பண்ணுவேனா?" என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். மடியிலிருந்த டப்பா சரிந்து, பிரித்துவைத்த நிறமெல்லாம் மறுபடி ஒன்றாகக் கலந்து தரையில் கொட்டியது. அவள் எழுந்துபோய் அவருக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, குனிந்து நூலைப் பொறுக்கினாள்.

மறுநாள் நாத்தனார் வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அண்ணன் போனில் அழுதிருக்கிறார். கையில் பழப்பையோடு மூச்சிரைக்க ஏறி வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"யாருண்ணா உனக்கு இதெல்லாம் சொன்னது? கதவுதான் நசுக்குச்சு. ஆஸ்பத்திரிக்கு நான்தானே வந்தேன்? எனக்குத் தெரியாதா?"

ஃபோர்மன் முகம் தெளிந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, தங்கை உரித்துக்கொடுத்த பழத்தைச் சாப்பிட்டார்.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்தது உண்மைதான். இவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு படி இறங்கியவளும் அவள்தான். அந்தப் படிக்கட்டில்தான், "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும் அண்ணி" என்று காதோடு சொன்னாள். இப்போது சமையலறைக்குள் வந்து அதே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஏன் அண்ணி, விழுந்து கிடக்கிற மனுஷன்கிட்டயா பழைய பகையைத் தீத்துக்கணும்?"

"பகையெல்லாம் இல்ல. அவர் கேட்டார், நான் சொன்னேன்."

"அவர் கேட்டா நீங்க சொல்லிடறதா? பிரஷர் ஏறி மறுபடி ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்கிறது?"

"நான்தான் பாப்பேன். வேற யாரு பாத்தீங்க இதுவரைக்கும்?"

நாத்தனார் போகும்போது பால்கனியை எட்டிப் பார்த்து, "பூவெல்லாம் நல்லா வந்திருக்கு, எனக்கு ஒரு கிளை ஒடிச்சுக் குடுங்களேன்" என்றாள். இவள் ஜெரேனியத்தில் ஒரு கிளையை ஒடித்து ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்கத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கணவர் கேட்டார். "அவ கதவுங்கறா. நீ நான்ங்கற. யாரும்மா பொய் சொல்றீங்க?"

"உங்க பொண்ணைக் கேளுங்க. அவ அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா."

மகளை நினைத்தால் அவளுக்கு எப்போதும் ஒரு தெம்பு. படிப்பு முடிந்த கையோடு வேறு ஊருக்குப் போய், ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். அதன்பின் அப்பா இருக்கும் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. வந்தால் காலையில் வருவாள், சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுவாள். "நீ ஏம்மா அந்த ஆள்கூட இருக்கே, என்கூட வந்துடு" என்று போனில் சண்டை போடுவாள். இவள்தான் ஏதாவது சாக்குச் சொல்லி மழுப்புவாள். அந்தக் கோபம் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதே இவளுக்குப் போதுமாக இருந்தது.

"அப்பா விரலைப் பத்திக் கேட்டார்டி. நான் சொன்னேன். நம்பமாட்டேங்கறார். நீ வந்து சொல்லு" என்றாள் போனில்.

"வரேம்மா" என்றாள் மகள்.

சனிக்கிழமை வந்தாள். பையைக்கூட இறக்கிவைக்காமல் பால்கனிக்குப் போய் நின்றவள் வாயைப் பிளந்தாள். "அம்மா, இதெல்லாம் நீ வச்சதா? இத்தனை வருஷமா இந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" தலையணை உறையை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் முடிச்சே தெரியாமல் இழை ஓடியிருப்பதைத் தடவிப் பார்த்தாள். "இது எனக்குத்தான். யாருக்காவது தூக்கிக் குடுத்தே, நான் பேசமாட்டேன்" என்றாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. செடி செடியாகக் காட்டினாள். இது கடைசி நேரத்தில் முளைத்தது, இது செத்தே போய்விட்டது என்று நினைத்தேன், இதற்குத் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் கோபம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த அரைமணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்று பேசியது, அவள் அந்த வருஷத்தில் கண்ட மிகப் பெரிய சந்தோஷம்.

உள்ளே ஃபோர்மன் விழித்துக்கொண்டார். மகளைப் பார்த்ததும் நடுங்கும் கையை நீட்டி, "குருவி வந்துட்டியா?" என்றார்.

மகள் அப்படியே நின்றுவிட்டாள். தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த வயதில் அவர் வைத்த செல்லப்பெயர் அது. அதற்குப் பிறகு அவர் வாயில் அது வந்ததே இல்லை. அவள் போய் அவர் காலடியில், தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"நீ சொல்லு குருவி. நீ பொய் சொல்லமாட்ட. உங்கம்மா விரலை நானா ஒடிச்சேன்?"

அம்மா பூவாளியோடு பால்கனிப் படியில் நின்றாள். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் அம்மா மழித்துவிட்டபோது விட்டுப்போன நாலைந்து நரைமுடி அதில் தெரிந்தது.

"இல்லப்பா" என்றாள் மகள். "கதவுதான். காத்துல படார்னு சாத்திடுச்சு."

காற்று என்று ஒன்று அந்தக் கதையில் இதுவரை இருந்ததில்லை. அதை மகள்தான் சேர்த்தாள்.

அவர் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, அவள் தலையில் கைவைத்தார். அம்மா திரும்பி வெளியே போய், ஏற்கெனவே நனைத்த தொட்டிக்கே மறுபடி தண்ணீர் ஊற்றினாள். கீழ்வீட்டுக்காரன் கத்தினான்.

கொஞ்சநேரம் கழித்து மகள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏன்டி?" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"அவரைப் பாரும்மா. அந்த ஆளா இவரு? அந்த ஆள் செத்துட்டார். இவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஆகும்."

"உனக்கு என்ன ஆகும்?"

"நான் பொய் சொல்றவன்னு நினைச்சுக்கிட்டே இருப்பாரே" என்றாள்.

"நினைச்சுட்டுப் போகட்டுமே. நிஜம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். போதாதா?"

"தெரிஞ்சவங்க எல்லாரும்தானே கதவுன்னு சொல்றீங்க?"

மகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "எனக்கு அப்பான்னு ஒருத்தர் இருந்ததே இல்லம்மா. இப்பதான் கிடைச்சிருக்கார். அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியாது. கெடுக்காதம்மா."

அம்மா அவளைத் திட்டவில்லை. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, பசை ஒட்டிய விரலால் மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அவ்வளவுதான்.

அன்றிரவு மகள் அங்கேயே தங்கினாள். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். வந்தால் அப்பாவுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள், நகம் வெட்டிவிட்டாள், பழைய பாட்டுகளைப் போனில் போட்டுக் காட்டினாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் வீட்டுக்கு வரவேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஏங்கியவள் அம்மா. வந்துவிட்டாள். அவரைப் பார்க்க வந்துவிட்டாள். தலையணை உறை முடிந்ததா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அவர் ஞாபகத்தில் மகள் சொன்னதும் தங்கவில்லை. வாரநாளில் ஒரு காலையில், நூலைப் பிரித்துக்கொண்டே, புதிதாகப் பார்ப்பவர்போல மறுபடி கேட்டார். "உன் விரலுக்கு என்னம்மா ஆச்சு?"

வீட்டில் வேறு யாருமில்லை. அவள் பிரேமை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு, "நீங்க ஒடிச்சீங்க" என்றாள். அழுதார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். இந்தமுறை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததைச் சொன்னாள். அதற்கடுத்த முறை எலும்பு முறிந்தபோது கேட்ட சத்தத்தைச் சொன்னாள். சொல்லும்போது மனசு குளிர்ந்ததும் நிஜம்தான். எப்போது கேட்பார், எப்போது கேட்பார் என்று காத்திருக்கவும் ஆரம்பித்தாள். ஊசி கையில் இருக்கும், காது அவர் பக்கம் இருக்கும். தையல் தளர்ந்தது. ஒரே இதழை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

ஆனால் அவர் அழுகை அவளுக்கானதாக இல்லை. "நான் அவ்வளவு கெட்டவனா? எல்லாரும் என்னை வெறுக்கிறீங்களா? அதனாலதான் எனக்கு இப்படி ஆச்சா?" என்றுதான் ஒவ்வொரு முறையும் அழுதார். மூச்சு முட்டும் அளவுக்கு அழுவார். அவள் பயந்துபோய் நெஞ்சைத் தடவிவிட வேண்டும். "இல்லங்க, யாரும் வெறுக்கல, அழாதீங்க" என்று சொல்ல வேண்டும். தன் விரல் ஒடிந்ததற்காக இதுவரை ஒருவரும் அவளைத் தேற்றியதில்லை. அதை ஒடித்தவரை இவள்தான் மாற்றி மாற்றித் தேற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இது உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. அவர், "ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டார். மறுபடி தட்டினாள்.

அன்றைக்குப் பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் ரோஜா பாழாகியிருந்தது. இந்தக் கூத்தில் பல நாளாக அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பச்சைப் பேன் தண்டெல்லாம் அடையாக ஏறி, விரியவேண்டிய மொட்டுக்கொத்து முழுக்கக் கருகித் தலைகவிழ்ந்திருந்தது. பெட்டூனியாவில் வாடிய பூக்கள் கிள்ளப்படாமல் ஈரக் காகிதம்போல ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தரியை எடுத்து மொட்டுக்கொத்தை வெட்டினாள். வெட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு, தனக்கு வேண்டியதெல்லாம் இந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் என்று தோன்றியது. நியாயம் கிடைக்காது. கிடைத்தாலும் அதையும் இவள்தான் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

வெயில் கடுக்கத் தொடங்கிய வாரத்தில் அவர் மறுபடி கேட்டார். அவள் பூவின் நடுவில் முடிச்சுத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தாள். விட்டால் அவிழ்ந்துவிடும்.

"உன் விரலுக்கு என்னம்மா ஆச்சு?"

"கதவு" என்றாள், தலை நிமிராமல்.

"கதவா?"

"ம். காத்துல சாத்திக்கிச்சு."

அவர் உச்சுக்கொட்டினார். நாற்காலியிலிருந்து சாய்ந்து, அந்த வளைந்த விரலை ஆசையாகத் தொட்டார்.

"பாத்து இருக்கக்கூடாதாம்மா? உனக்கு எப்பவுமே கவனம் பத்தாது."

அவள் ஊசியை உள்ளே இறக்கி, முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் டப்பாவில் துழாவி ஒரு நூல்கண்டை எடுத்து, "அடுத்தது இதுதானே?" என்று பெருமையோடு நீட்டினார். அது கருஞ்சிவப்பு. அந்தப் பூவுக்குச் சேராத நிறம். அவள் அதையே வாங்கி ஊசியில் கோர்த்தாள்.